ஈர மண்ணில் காலித் தொட்டி

குழியில் தண்ணீர் நின்றால், வந்ததும் வராததுமாக மோட்டாரைப் போடுகிறவனைப் பம்புக்காரன் தொழில் தெரிந்த ஆளாகவே மதிக்க மாட்டான்.

"எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருய்யா. வர்ற வழியை அடைக்காம எறைச்சா நீ எறைச்சுக்கிட்டே இருப்பே, அது வந்துக்கிட்டே இருக்கும். டீசல்தான் தீரும்" என்பான்.

கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிற இடங்களில் ஊறும் தண்ணீரை வெளியேற்றுவது அவன் பிழைப்பு. மழைக்காலம் முழுக்க முழங்கால் சேற்றில் நிற்பான். கால்விரல் இடுக்கெல்லாம் தோல் வெளுத்து, ஊறவைத்த அவரைக்கொட்டை மாதிரி உரியும். அந்த மழைக்கு ஒரு கிடங்குக் கட்டடத்தில் வேலை. குழியின் ஒரு பக்கச் சுவர் ஓயாமல் கசிந்தது. சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனான். எங்கே கை சில்லென்று உணர்கிறதோ அங்கே களிமண்ணையும் சாக்கையும் வைத்துக் காலால் மிதித்து அடைத்தான். அப்புறம்தான் மோட்டாரைப் போட்டான்.

அதே இடத்தில் புதிதாகக் கட்டி மண்ணுக்குள் இறக்கிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. இறைத்த தண்ணீரில் கொஞ்சத்தைக் குழாய் வழியாக அந்தத் தொட்டிக்குத் திருப்பிவிட்டான். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யோவ், இந்தப் பக்கம் எறைக்கிறே, அந்தப் பக்கம் ரொப்புறே. மழையில மூளை ஊறிப்போச்சா?"

"ஈர மண்ணுல காலித் தொட்டி நிக்காது மேஸ்திரி. சுத்தி இருக்கிற தண்ணி நாலாப் பக்கமும் நெருக்கும். உள்ளே தண்ணி இருந்தாத்தான் எதுத்து நிக்கும். போன எடத்துல ஒருத்தன் காலி பண்ணிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான். வந்து பாத்தா செவுரு உள்வாங்கிக் கெடக்குது."

"நீ சொன்னா சரிதான். தொட்டிக்கும் உனக்கும்தான் சம்பந்தம்" என்று மேஸ்திரி போய்விட்டான்.

இவ்வளவு தெரிந்தவன்தான் வீட்டில் அப்படிச் செய்தான்.

அவன் பெண்டாட்டியைத் தெருவில் எல்லோரும் காஜாக்கா என்பார்கள். சட்டை தைக்கிற கம்பெனிக்குப் பொத்தான் ஓட்டை எடுத்துக்கொடுக்கிறவள். மிஷினில் எடுத்தால் நிற்காத கனத்த துணிகளெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கத்தை எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முளைத்து, "ஆம்பளைப் பிள்ளை மாதிரி கிராப் வெட்டியிருக்கேன்" என்று தானே சொல்லிச் சிரித்து, வேலைக்கும் உட்கார்ந்துவிட்டாள். அந்த மழைக்குத்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் வாங்கும், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. காலும் வீங்கி, செருப்பு வார் பத்தவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தைச் சுற்றியிருக்கிற உறைக்குள் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார்கள். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஊசி விட்டு எடுத்தார்கள். எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது இதயம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் பம்புக்காரன் தன் கேள்வியைக் கேட்டான்.

"எங்கேருந்து ஊறுதுங்க?"

"அந்த நோய்தான். உறையில போய் உக்காந்திருக்கு, அதனால கசியுது. திரும்பவும் சேரலாம். மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

திரும்பவும் சேரும் என்றது மட்டும்தான் அவன் காதில் நின்றது. ஊற்றை அடைக்காமல் இறைத்து அனுப்பிவிட்டார்களே என்று வழியெல்லாம் முணுமுணுத்தான். நோயை அடைக்க அவனிடம் களிமண் இல்லை, சாக்கு இல்லை. தன் கைக்கு எட்டிய வழியை அடைத்தான். அவள் குடிக்கிற தண்ணீரை நிறுத்தினான்.

"காலையில அரை டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர். மாத்திரை முழுங்குறதெல்லாம் அதுக்குள்ளதான்" என்றான்.

"டீ?"

"டீயும் தண்ணிதானே?"

"அப்ப உன் மண்டையில இருக்கிறது?"

காஜாக்காவின் தம்பி அப்போது அங்கே இருந்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். லோடு என்று பேர். அவனுக்கும் மாமா சொன்னது ஞாயமாகத்தான் பட்டது.

"மாமா, முன்னாடி அக்காவுக்குக் கால் வீங்கினப்ப ஒரு மாத்திரை குடுத்தாங்கல்ல, ஒண்ணுக்கா போயிட்டே இருக்குமே. அது பாதி மிச்சம் இருக்கு."

"அது இப்ப குடுக்கலாமாடா?"

"தண்ணியை வெளியே தள்ளத்தானே மாமா குடுத்தாங்க. இதுவும் தண்ணிதானே?"

இரண்டு ஆம்பிளைகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்று சொல்லவும் தைரியமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் அறிவில்லை. மாத்திரை டப்பா அடுப்படி அலமாரியிலிருந்து இறங்கி வந்தது.

மழை விடவில்லை. ஓட்டுச் சந்தில் ஒழுகிய இடத்தில் வாளி வைத்திருந்தது. வாளிச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் அவள் துணிக்குவியலோடு உட்கார்ந்திருப்பாள். பம்புக்காரன் கஞ்சி வைத்தான். தண்ணீர் சேர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து, கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் வைத்தான்.

"இது குடிக்கவா, செவுத்துக்குப் பூசவா?"

"மென்னு தின்னு."

"எச்சில் ஊறினாத்தானே மெல்லுறதுக்கு? அதையும் அடைச்சுட்டியே!"

"உனக்காகத்தானேடி செய்யுறேன்."

"யாரு இல்லேன்னா? ஒரு மடக்கு குடுய்யா. நாக்கு ஒட்டிக்குது."

அவன் வாசலுக்குப் போய் நின்றுகொள்வான். தெரு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

கால் வீக்கம் வடிந்தது. செருப்பு வார் மறுபடி பொருந்தியது. "பாத்தியா மாப்ளே, வேலை செய்யுது!" என்று லோடிடம் போனில் சொன்னான். ஆனால் அவள் கண் உள்ளே போயிருந்தது. உதட்டில் வெடிப்பு. கையைப் பிடித்தால், நாடி பிடிபடாமல் எங்கேயோ ஓடியது. எழுந்து நின்றால் சுவரைப் பிடித்தாள். வீக்கம் குறைகிறது, ஆள் கரைகிறாள். இதில் எதை நம்புவது என்று அவனுக்கு விளங்கவில்லை. தண்ணீர் இன்னும் எங்கேயோ இருக்கிறது, இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நினைத்து, சாயங்கால அரை டம்ளரைக் கால் டம்ளர் ஆக்கினான்.

ஒரு மத்தியானம், சட்டைக் கழுத்துப்பட்டையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே துணிக்குவியலில் சாய்ந்தாள். ஊசி விரலில் இருந்தது, நூல் அறுபடவில்லை. தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். தொட்டால் குளிர்ந்து வேர்த்திருந்தது.

லோடு வண்டியோடு வந்தான். முன் சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் அவளை உட்கார வைத்துத் தாங்கிக்கொண்டு போனார்கள். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

"மெதுவா போடா, மூட்டையா ஏத்திட்டுப் போறே?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"பேசுறா மாமா, பேசுறா" என்று லோடு அழுதான்.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்த வேகத்தில் சிஸ்டர் அவள் கையில் ஊசியைக் குத்தி, ஸ்டாண்டில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை மாட்டி, திருகைத் திறந்துவிட்டாள். சொட்டுச் சொட்டாக இல்லை, சரமாக இறங்கியது. பம்புக்காரன் பாய்ந்து போய்த் திருகைப் பிடித்தான்.

"என்னம்மா பண்றீங்க? தண்ணி எடுக்கத்தானே கொண்டாந்தோம், தண்ணி ஏத்துறீங்க?"

"கையை எடுங்க."

"நெஞ்சுல தண்ணிம்மா அவளுக்கு! நான் குடிக்கக்கூட விடாம வச்சிருக்கேன்."

சிஸ்டர் கை நின்றது. "என்ன சொன்னீங்க?"

அதே டாக்டரம்மா வந்தார். வயது குறைவுதான். லோடு கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவை வாங்கிப் பார்த்தார். மிச்சமிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த நேரம்தான் பம்புக்காரனுக்குப் பயம் வந்தது. கத்தியிருந்தால்கூட வந்திருக்காது.

"ஐயா, குடிக்கிற தண்ணி அங்க போய்ச் சேரல. இது வேற எடம், அது வேற எடம். இதயத்துக்குள்ள ஓடுறது ரத்தம். வெளியே உறைக்குள்ள நிக்கிற தண்ணி அதைச் சுத்தி நெருக்குது. அந்த நெருக்கத்தைத் தாங்கி இதயம் விரியணும்னா உள்ளே ரத்தம் நிறைய இருக்கணும். நீங்க தண்ணியையும் நிறுத்தி, மாத்திரையும் குடுத்து, உள்ளே இருந்ததைக் கொறச்சிட்டீங்க. அதனாலதான் பிரஷர் எறங்கி மயக்கம்."

பம்புக்காரன் தலையை ஆட்டினான். ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நின்ற நிலையிலேயே புரிந்தது. கிடங்குக் கட்டடத்தின் தொட்டி கண்ணில் வந்தது. சுற்றிலும் ஈரம். நாலாப் பக்கமும் நெருக்கம். அதைத் தன் கையாலே காலி பண்ணியிருக்கிறான். மேஸ்திரிக்கு வகுப்பு எடுத்தவன்.

"செவுரு... செவுரு உள்வாங்கிடுச்சாங்க?" என்றான்.

"எந்தச் செவுரு?"

அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்தான்.

"மாத்திரை நான்தான் குடுக்கச் சொன்னேன் டாக்டரம்மா" என்றான் லோடு. "மாமா இல்ல."

"இப்ப அது முக்கியமில்ல. வெளியே நில்லுங்க" என்றார் அவர்.

மறுபடி தண்ணீர் எடுத்தார்கள். இந்தத் தடவை ஊசியோடு விடாமல், நெஞ்சுக்குழியில் ஒரு மெல்லிய குழாயைத் தைத்து நிறுத்தி, கட்டில் பக்கத்தில் பை தொங்கவிட்டார்கள். பையில் இறங்கியது தண்ணீர் நிறமில்லை. அலசின ரத்த நிறம். கையில் ஒரு குழாய் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது, நெஞ்சில் ஒரு குழாய் வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. பம்புக்காரன் கட்டில் காலடியில் நின்று இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். வாழ்நாளில் அவன் பார்த்த குழாய்க்குக் கணக்கில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அவனுக்கு மூளை பத்தவில்லை.

கொஞ்சம் இறங்கியதும் சிஸ்டர் நெஞ்சுக் குழாயைக் கிளிப் போட்டு மூடினாள்.

"ஏம்மா மூடுறீங்க? இன்னும் இருக்குல்ல?"

"ஒரேயடியா எடுக்கக்கூடாது. இத்தனை நாள் நெருக்கத்துல இருந்த இதயம், திடீர்னு விட்டா திகைச்சுப் போயிடும். அப்பப்ப கொஞ்சமா எடுப்போம்."

"இருந்தாலும் ஆபத்து, எடுத்தாலும் ஆபத்தாம்மா?"

"வேகமா எடுத்தா."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எதையும் தொடப் பயம்.

காஜாக்காவுக்குக் கன்னத்தில் நிறம் வந்தது. பேச்சும் வந்தது. "என்ன ஜன்னல் கம்பி மாதிரி நிக்கிறே? உக்காரு" என்றாள். குடிக்கக் கொடுத்தால் குடித்தாள், ஆனால் சிஸ்டர் கையால்தான் கொடுக்க வைத்தான். அவனிடம் அவள் கேட்கவும் இல்லை.

பிறகு குழாயில் வருவது நின்றது. கிளிப்பைத் திறந்தாலும் பை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், தூறலில், ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு மாமனும் மச்சானும் தின்னாமல் நின்றார்கள்.

"ஊறுறது நின்னா நல்லதுதானே மாமா?"

"தெரியலடா."

"உனக்குத் தெரியாதா? இது உன் தொழில்தானே?"

"குழியில தண்ணி வரலேன்னா ரெண்டுதான் மாப்ளே. ஒண்ணு வத்திப்போயிருக்கணும், இல்ல குழாய் வாயில சேறு அடைச்சிருக்கணும். குழின்னா எட்டிப் பாத்துடுவேன். இங்க எங்கேடா எட்டிப் பாக்குறது?"

"டாக்டரம்மாகிட்ட சொல்லலாம்ல?"

"நான் சொன்னா கேப்பாங்களா? ஏற்கெனவே சொன்னதே போதும்."

டாக்டர்களுக்குத் தெரியாமலா இருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. தண்ணீர் இன்னும் ஒரு பக்கமாகத் தேங்கியிருந்தது. குழாயை ரொம்ப நாள் விட்டால் சீழ் பிடிக்கும், எடுத்தால் திரும்பச் சேரும் என்றார்கள். புற்றுநோய் டாக்டர் வந்து, அடுத்த மருந்தைத் தள்ளிப்போட முடியாது, ஊறுவதற்கே காரணம் அந்த நோய்தான் என்றார். டாக்டரம்மா, உறையில் ஓட்டை போட்டுக் காயம் ஆறின பிறகுதான் மருந்து என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்ததும் இருவரும் பம்புக்காரனைப் பார்த்தார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "என்னைக் கேக்காதீங்கய்யா. நான் சொன்னது போதும். அவளைக் கேளுங்க."

டாக்டரம்மா கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த உறையில ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துடுவோம்மா. ஜன்னல் மாதிரி. அப்புறம் கசியுறது அங்கேயே தேங்காது. நெஞ்சுக்குள்ள வேற எடத்துக்கு ஓடிடும். அங்க போனா இதயத்தை நெருக்காது."

காஜாக்கா யோசித்தாள். "ஓரம் கட்டுவீங்களா?"

"புரியலம்மா."

"துணியில வெட்டினா மட்டும் அது காஜா இல்ல. வெட்டின ஓரத்தைச் சுத்தி நூல் கட்டணும். கட்டலேன்னா பிரிஞ்சு வந்துடும்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அடங்கியது. "இதுல பிரியாதும்மா. சில பேருக்கு மூடிக்கும். அதையும் சொல்லிடணும்."

"வெட்டினது தானா மூடிக்குமா?"

"உடம்பு மூடிக்கப் பாக்கும்."

"அப்ப நான் தைக்கிற துணியே தேவலை, சொன்னபடி கேக்கும்." கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை நிமிண்டினாள். "வெட்டாம விட்டா?"

"மறுபடி நெருக்கும்."

"வெட்டினா நல்லாயிடுமா?"

"இந்த நெருக்கம் போகும். நோய் இருக்கும். மயக்க மருந்து குடுக்கிறதுலயும் ஆபத்து இருக்கு."

"ஒண்ணுக்காவது நேரா ஒரு பதில் சொல்லும்மா."

"இருந்தா சொல்லமாட்டேனா?" என்றார் டாக்டரம்மா. அந்தப் பதில் காஜாக்காவுக்குப் பிடித்திருந்தது போல. வெட்டுங்கள் என்றாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் சிஸ்டர் வந்து, இனிமேல் வாயால் எதுவும் கூடாது, தண்ணீர்கூட என்று சொல்லிவிட்டுப் போனாள். பம்புக்காரன் பின்னாலேயே ஓடினான்.

"குடுக்கணும்னு சொன்னீங்களேம்மா!"

"ஆபரேஷன் முடியுற வரைக்கும் கூடாது. கையில ஏறுதுல்ல, போதும்."

திரும்பி வந்தபோது அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சிஸ்டரை மறுபடி தேடிப்போய், துணியை நனைத்து உதட்டில் ஒற்றலாமா என்று கேட்டு வந்து ஒற்றினான். வெடிப்பில் ஈரம் பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே கொண்டுபோன பிறகு லோடு தூணுக்குத் தூண் நடந்தான். பம்புக்காரன் நடக்கவில்லை. ஜன்னல் வழியே மழைத் தண்ணீர் சாக்கடையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி போன் பண்ணினான்.

"மழை விடுறாப்ல இருக்குய்யா. அந்தத் தொட்டியைக் காலி பண்ணிடட்டா? உள்பூச்சு பூசணும்."

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினான். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மண்ணு காயட்டும்யா" என்றான் அப்புறம் தணிந்து. "காயுற வரைக்கும் விட்டு வையி."

பிழைத்து வெளியே வந்தாள். நெஞ்சுக்குழியில் கட்டு, பக்கத்தில் புதுக் குழாய். மயக்கம் தெளிந்து, இரண்டு தடவை வாந்தி எடுத்து, யாரையோ திட்டி, தூங்கி எழுந்தாள். ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. இனிமேல் குடிக்கலாம் என்று சிஸ்டர் சொன்னாள்.

"எவ்வளவும்மா?"

"வேணுங்கிறதைக் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா."

"வேணுங்கிறதுன்னா?"

"அவங்களைக் கேளுங்கய்யா!"

பம்புக்காரன் டம்ளரில் ஊற்றி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"திட்டு. நல்லா திட்டு."

"திட்டல. நீ வேலைக்குப் போனப்புறம் நான் குடிச்சேன்யா."

"என்னது?"

"ஓட்டுல ஒழுகுற தண்ணி இருந்துச்சே, அந்த வாளியில. அதுல ரெண்டு கை அள்ளிக் குடிப்பேன். எல்லா நாளும் இல்ல. தாங்காத அன்னிக்கு மட்டும்."

அவனுக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. "குடிச்சியா? குடிச்சிருக்கியா? அதனாலதாண்டி நீ பொழைச்சே..."

"நீ சொன்னதை நம்பினேன்யா" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "தண்ணி நெஞ்சுல போய்ச் சேருதுன்னு. ஒவ்வொரு கை குடிக்கும்போதும், ஒரு வாய்த் தண்ணிக்காக என்னை நானே கொன்னுக்கிறேனேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன். நீ கஷ்டப்பட்டு அடைக்கிறே, நான் திருட்டுத்தனமா தொறந்து விடுறேன்னு. அன்னிக்கு மயங்கி விழுந்தப்ப, சரி, இது குடிச்சதுக்குத்தான்னு நெனச்சேன்."

லோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான்.

பம்புக்காரனுக்குத் தொட்டியைப் பற்றி, ஈர மண்ணைப் பற்றி, தனக்குத் தெரிந்திருந்தது என்பதைப் பற்றி, எவ்வளவோ சொல்ல இருந்தது. டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை அவன் பார்த்தான். பிறகு அவன் கண் தன்னையறியாமல் நெஞ்சுக் குழாய்ப் பக்கம் போனது.

"அங்க என்ன பாக்குறே? அதுல வழியுதான்னா?"

"இல்லடி."

"பொய் சொல்லாதே. எனக்கும் அதே பயம்தான். அவங்க சொல்லிட்டா மட்டும் போயிடுமா?" டம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்துக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம்."

அவன் திரும்பி சிஸ்டரைத் தேடினான். சிஸ்டர் அடுத்த வார்டுக்குப் போயிருந்தாள். வாசலில் லோடும் இல்லை.

யாரையும் கேட்காமல் ஊற்றினான்.